அழுத்தினால் வலிக்கும் இடம்

ஜனவரி 9

இரவு இரண்டரை மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன். இடது பக்கம், மார்பெலும்பை ஒட்டி, சுருக்கென்று குத்தல். மூச்சை இழுத்தால் பாதியிலேயே வலி மறிக்கிறது. மாரடைப்பு என்றேதான் நினைத்தேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் வண்டிச் சாவியை எடுத்தார்.

அவசரப் பிரிவில் முதலில் ஈசிஜி. ரத்தத்தில் ட்ரோபோனின் (இதயத் தசை சேதமானால் கூடும் புரதம்) பார்த்தார்கள், சில மணி நேரம் கழித்து இன்னொரு முறையும் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தன. அதற்குப் பிறகுதான் மருத்துவர் மார்பெலும்பின் ஓரமாக ஒரு விரலால் மேலிருந்து அழுத்திக்கொண்டே வந்தார். மூன்றாவது விலா எலும்பு வந்து சேரும் இடத்தில் துள்ளிவிட்டேன். "ராத்திரி வந்தது இதே வலிதானா?" என்று கேட்டார். இதே வலிதான்.

காஸ்டோகாண்ட்ரைட்டிஸ் என்றார். விலா எலும்பை மார்பெலும்போடு இணைக்கும் குருத்தெலும்பில் வரும் அழற்சி.

ஜனவரி 10

"அழுத்தினால் வலிக்கிறதே, அப்படியானால் இதயம் இல்லை என்று வீட்டிலேயே தெரிந்துகொண்டிருக்கலாமா?" என்று கிளம்பும் முன் கேட்டேன். கூடாது என்றார். இதய நோயாளிக்கும் நெஞ்சுச் சுவரில் வலி இருக்கலாம். அதனால்தான் ஈசிஜி முதலில், விரல் பிறகு. பயந்து ஓடியதற்கு வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அந்த வெட்கம் இல்லை.

எதனால் வந்தது என்று யோசித்தால், டிசம்பர் முழுக்க விடாத இருமல். அது அடங்குவதற்குள் புத்தகப் பெட்டிகளைத் தூக்கி மேல் தட்டில் அடுக்கினேன். இரண்டும் சேர்ந்துதான் இருக்க வேண்டும்.

ஜனவரி 15

சாப்பாட்டுக்குப் பின் இபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை, ஒரு வாரத்துக்கு. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரை ஏதாவது உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதித் தந்தார். யாராவது கொடுத்த மாத்திரையை எடுத்து விழுங்குபவர்கள் இந்தக் கேள்விகளைத் தங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாத்திரையைவிட எனக்கு இதம் தருவது வெந்நீர்ப் பைதான். துணியில் சுற்றி, பதினைந்து நிமிடம். இருமலோ தும்மலோ வந்தால் தலையணையை நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொள்கிறேன். பாதி வலி குறைகிறது. படுக்கையிலிருந்து நேராக எழுவதில்லை. வலப்பக்கம் புரண்டு, கையை ஊன்றி எழுகிறேன்.

பாப்பாவைத் தூக்கத்தான் முடியவில்லை. கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள். நான் தரையில் உட்கார்ந்து மடியில் ஏறிக்கொள்ளச் சொல்கிறேன். அவளுக்குப் புரியவில்லை.

ஜனவரி 24

மாத்திரை முடிந்தது, வலி திரும்பியது. அழுகையாக வந்தது. கை உடைந்தால் கட்டுப் போட்டு அசையாமல் வைக்கலாம். இந்த மூட்டு ஒவ்வொரு மூச்சுக்கும் அசைகிறது. நிமிடத்துக்குப் பதினைந்து என்றால் ஒரு நாளைக்கு 21,600 முறை. ஆற நேரமாவதில் ஆச்சரியமில்லை. பலருக்குச் சில வாரங்களில் அடங்கிவிடும், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்.

இன்னொன்றும் இன்று பிடிபட்டது. வலி இருக்கிறதா என்று பார்க்க அந்த இடத்தை அழுத்திக்கொண்டே இருக்கிறேன். குளிக்கும்போது, போன் பேசும்போது, தூக்கம் வராதபோது. வீட்டில் அவர்தான் கவனித்துச் சொன்னார். நொந்துபோன இடத்தை நாள் முழுக்கக் குத்திக்கொண்டிருந்தால் அது எப்படி ஆறும்?

பிப்ரவரி 6

இயன்முறை மருத்துவரிடம் போனேன். அவர் நெஞ்சைத் தொடுவதற்கு முன் முதுகைப் பார்த்தார். விலா எலும்பு பின்னால் முதுகெலும்போடும் சேர்கிறது. அங்கே இறுகிக் கிடந்தால் முன்பக்க மூட்டுக்குச் சுமை கூடும் என்று விளக்கினார். கணினி முன் கூனியே உட்காரும் எனக்கு அது சரியென்று பட்டது.

கதவு நிலையின் இரு பக்கமும் முன்கைகளை வைத்து, ஒரு காலை முன்னே எடுத்து, மார்பு மெல்ல விரியும் வரை சாய வேண்டும். முப்பது விநாடி, மூன்று முறை. இழுப்பு தெரியலாம், குத்தல் தெரியக் கூடாது. குத்தினால் அன்றைக்கு விட்டுவிடலாம். வலிக்குப் பயந்து மேலோட்டமாகவே மூச்சு விட்டுப் பழகியிருந்தேன். வயிற்றில் கை வைத்து, அது எழும்படி மெதுவாக மூச்சு விடச் சொல்லித் தந்தார்.

பிப்ரவரி 19

வீக்கம் தென்படுகிறதா என்று மறுபரிசோதனையில் பார்த்தார்கள். இல்லை. இருந்திருந்தால் அது டீட்சே நோய்க்குறியாக இருக்கலாமாம். 1921-இல் அலெக்சாண்டர் டீட்சே விவரித்தது.

எப்போது திரும்ப ஓடி வர வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், தலை சுற்றினால், மூச்சுத் திணறினால், நடக்கும்போது வந்து நின்றால் அடங்கினால், காய்ச்சலும் சேர்ந்தால். இந்தத் தாள் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை வைத்த பிறகு நன்றாகத் தூங்குகிறேன்.

மார்ச் 12

இடப்பக்கம் படுத்தால் இன்னும் லேசாகத் தெரிகிறது. பெட்டி கனத்துக்கு எதையும் தூக்குவதில்லை. இன்று காலை பாப்பாவை நாற்காலியில் நிற்க வைத்து, குனியாமல், உடம்போடு ஒட்டி அணைத்துத் தூக்கினேன். பத்து எட்டு நடந்திருப்பேன். அவள் தலையைச் சரியாக அந்த இடத்தில்தான் சாய்த்துக்கொண்டாள். நகர்த்தவில்லை.