பதினான்கு அடி வெட்டு

"அருவிக்கு மேலேயே வீடு கட்டியிருக்கிறார்கள். அந்தப் படத்தை நீங்களே சுவரில் மாட்டி வைத்திருக்கிறீர்கள். என்னுடைய பத்து சென்ட் சரிவில் மட்டும் கட்டக்கூடாது என்றால் எப்படித் தம்பி?"

கட்டடக் கலைஞனான என்னிடம், வீடு வரைந்து தரச் சொல்லி வந்த ஓய்வுபெற்ற ஒருவர் இதைக் கேட்டு ஏழு மழைக்காலங்கள் போய்விட்டன. இன்னும் என்னால் அதைக் கடந்து போக முடியவில்லை.

அன்று தயங்காமல் பதில் சொன்னேன். "அங்கே அடியில் பாறை இருக்கிறது ஐயா. இங்கே இருப்பது மண்." பதிலில் பிழை இல்லை. படத்தில் இருந்தது ஃபாலிங்வாட்டர். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாய்ட் ரைட் 1935-ல் வரைந்த வீடு. பென்சில்வேனியாவில் ஓர் ஓடையின் மணற்கல் பாறையில் ஊன்றி நிற்கிறது. இவர் கோத்தகிரிப் பக்கம் வாங்கியிருந்ததோ மூன்றடி நடந்தால் இரண்டடி இறங்குகிற தேயிலைச் சரிவு. மேலே சாலை, கீழே தோட்டத் தொழிலாளர்களின் எட்டு லைன் வீடுகள், அதற்கும் கீழே ஓடை. பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கிற விலையை நம்பி இனி வாழ முடியாது என்று ஒரு சிறு விவசாயி விற்ற நிலம். மண்வெட்டி இறங்கும்போது தடையே தெரியாது. அவ்வளவு மென்மையான சிவந்த மண்.

"அந்த அமெரிக்க வீட்டின் தளங்களும் தொய்ந்துபோயின. 2002-ல் கம்பி வடங்களை இழுத்துக் கட்டித்தான் நிறுத்தினார்கள்" என்றும் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "நிறுத்திவிட்டார்கள் அல்லவா?" என்றார்.

அந்த இடத்தில் பேச்சு முடிந்திருக்க வேண்டியதில்லை. நான்தான் முடித்தேன்.

அவருக்காக இரண்டு வரைபடங்கள் போட்டிருந்தேன். இரண்டிலும் வீடு சாலையை ஒட்டிய மேல் மூலையில் நின்றது. மண்ணை வெட்டாமல் தூண்களின் மேல், தொள்ளாயிரம் சதுர அடி, சரிவுக்குக் குறுக்கே நீளமாக. தேயிலைச் செடிகள் அப்படியே இருக்கும், மழைநீர் வீட்டுக்கு அடியில் தன் வழியில் போகும். அவர் கேட்டது வேறு. வாசல் வரை கார் வர வேண்டும். மனைவிக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. பேரப்பிள்ளைகள் ஓடியாட ஒரு சமதளம் வேண்டும். ஒன்றுகூட அநியாயமான ஆசை இல்லை. ஆனால் மூன்றும் சேர்ந்தால் சரிவின் நடுவில் பெரிய வெட்டு விழும். இங்கே கட்டடத்தின் உயரத்துக்கு 7 மீட்டர் என்று வரம்பு இருக்கிறது. மேலே போக முடியாதவர்கள் மலைக்குள் குடைந்து போகிறார்கள். அந்த வெட்டு வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிவதுகூட இல்லை.

வெட்டுக்கு நான் ஏன் இவ்வளவு அஞ்சுகிறேன் என்று சொல்ல வேண்டும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்தச் சில நாட்களில் நீலகிரி மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நான் தொழிலுக்கு வந்த புதிது. ஒரு பொறியாளரோடு இடம் இடமாகப் போய்ப் பார்த்தேன். பல இடங்களில் சரிவு தானாக வழுக்கி விழுந்ததாகத் தோன்றவில்லை. சாலைக்காகவோ வீட்டுக்காகவோ அதன் காலடியை யாரோ வெட்டியிருந்தார்கள். மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, கீழே இறுகிய பாறையைத் தொட்டதும் மேற்கொண்டு போக வழியின்றித் தேங்குகிறது. மண் கனக்கிறது, பிடிப்பை இழக்கிறது. தாங்கி நிற்கக் காலும் இல்லையென்றால் மொத்தமும் இறங்கிவிடுகிறது. அந்தப் பொறியாளர் அன்று சொன்னது ஒன்றுதான்: "மலையில் வீடு கட்டுகிறவன் முதலில் தண்ணீருக்கு வழி விட வேண்டும்." அன்றிலிருந்து ஒரு மனையைப் பார்க்கப் போனால் நான் முதலில் தேடுவது காட்சியை அல்ல, ஈரத்தை. எந்த இடத்தில் பெரணி அடர்த்தியாக இருக்கிறது, எங்கே கோடையிலும் புல் பச்சையாக இருக்கிறது என்றுதான் பார்ப்பேன்.

இந்த மலையின் பழைய வீடுகளிடமும் நிறையக் கற்றேன். படகர்களின் ஊரான அட்டியில் வீடுகள் சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும். இருபது குடும்பங்களுக்கும் மலையில் ஒரே ஒரு குறுகலான படி போதும். ஆளுக்கொரு மனை, ஆளுக்கொரு வெட்டு என்று நாங்கள் இன்று செய்வதோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு பெரிய சிக்கனம்! தோடர்களின் பழைய வீட்டுக்குள் தவழ்ந்துதான் நுழைய வேண்டும். பிரம்பும் மூங்கிலும் வளைத்து, சதுப்பில் வளரும் புல்லை வேய்ந்த கூரை. சதுப்பு இருக்கும் வரைதான் அந்தக் கூரை. அதை வற்றவிட்டால் அடுத்த முறை வேயப் புல் இருக்காது. கட்டடமும் நிலமும் ஒன்றையொன்று நம்பி இருப்பது என்றால் இதுதான் என்று எனக்குத் தோன்றியது. ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருட்களைக் கொண்டு வீடு கட்ட வேண்டும் என்று கட்டடக் கலைஞர் லாரி பேக்கரிடம் காந்தி சொன்னதையும் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

சொல்லியிருக்கிறேன். ஆனால் நான் கட்டும் வீடுகளுக்கு மணலும் கம்பியும் சிமென்டும் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வருகின்றன. நான் உட்கார்ந்து வரையும் அலுவலகமும் யாரோ ஒருவர் எப்போதோ வெட்டிய மண்ணின் மேல்தான் நிற்கிறது. மலையில் கட்டவே கூடாது என்று நான் நினைத்திருந்தால் இந்தத் தொழிலில் இருந்திருக்க மாட்டேன். என் நம்பிக்கை அதைவிடச் சிறியது. ஒவ்வொரு சரிவும் இவ்வளவுதான் தாங்கும் என்று ஓர் அளவு இருக்கிறது. அந்த அளவை நிலத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதைக் கட்டுகிறவரிடம் சொல்வதுதான் கட்டடக் கலைஞனின் வேலை. அந்தச் சரிவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவரிடம் சொன்னேன். அவர் ஏற்கவில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

வந்த அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டில் சொன்னேன், நண்பர்களிடம் சொன்னேன். மூன்று மாதம் வேறு வேலை இல்லாமல் இருந்தபோதும் அந்தப் பெருமை குறையவில்லை.

அடுத்த கோடையில் அந்த வேலையை வேறொருவர் எடுத்துக்கொண்டார். என்னோடு பல வருடம் வேலை செய்த மேஸ்திரி அங்கே போனார். அவரும் பிழைக்க வேண்டுமே. ஒரு நாள் டீக்கடையில் பார்த்தபோது வேலை எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"பின்பக்கம் பதினான்கு அடி வெட்டு சார். மண்ணை அப்படியே கீழே தள்ளிவிட்டார்கள்."

"நான்தான் அப்போதே சொன்னேனே மேஸ்திரி."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "சொன்னீர்கள். சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நீங்கள் இருந்திருந்தால் எட்டடியோடு நின்றிருக்கும்."

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. சிமென்ட் கணக்கு சொல்வது போலத்தான் சொன்னார். அதன் பிறகு இன்னொன்றும் சொன்னார். தடுப்புச் சுவரில் நீர் வடியத் துளை விட வேண்டும் என்று வரைபடத்தில் இல்லையாம். இவராகவே ஐந்தடிக்கு ஒன்றாகக் குழாய் வைத்து, சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பியிருக்கிறார். "உங்களிடம் கற்றதுதானே" என்றார்.

அந்த எட்டடியைப் பற்றி எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். எட்டடி வெட்டை நான் ஒப்புக்கொண்டிருப்பேனா? இரண்டு படியாகப் பிரித்து வெட்டியிருக்கலாம். காரைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு, அந்த அம்மாவுக்காகச் சாய்தளம் ஒன்று போட்டிருக்கலாம். சமதளத்தைப் பாதியாகக் குறைத்திருக்கலாம். வெட்டிய மண்ணை லாரியில் ஏற்றி அனுப்பியிருக்கலாம். என் மனம் ஒப்பாத வீடாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கீழே இருக்கும் எட்டு லைன் வீடுகளின் தலைக்கு மேல் அந்தத் தளர்ந்த மண் கிடந்திருக்காது. இன்னொரு நாள் வேறு விதமாகத் தோன்றும். எட்டடிக்கு ஒப்புக்கொண்டவன் அடுத்த வருடம் பத்தடிக்கும் ஒப்புக்கொள்வான். இந்தத் தொழிலில் அப்படி மாறியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரும் முதல் நாளே பதினான்கு அடி வெட்டவில்லை. யாராவது ஒருவராவது முடியாது என்று சொன்னால்தானே அப்படி ஓர் எல்லை உண்டு என்பதே தெரியும்? இரண்டும் எனக்கு உண்மையாகத்தான் படுகின்றன.

ஆனால் என்னை உறுத்துவது இந்தக் கணக்குக்கூட இல்லை. மூன்று வருடங்களுக்கு முன், நவம்பரில், இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. இரண்டாம் நாள் இரவு மின்சாரம் இல்லை. தகரக் கூரையில் மழை இறங்கும் சத்தத்தில் தூங்க முடியாமல் படுத்திருந்தேன். அந்தச் சுவர்தான் நினைவில் நின்றது. பின்னால் தேங்கும் நீர், ஜல்லி, குழாய் என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தேன். நான் பயந்துகொண்டு மட்டும் படுத்திருக்கவில்லை. காத்துக்கொண்டிருந்தேன். காலையில் ஒரு செய்தி வரும், நான் சொன்னது சரி என்று ஊருக்குத் தெரியும் என்று என் மனத்தின் ஏதோ ஓர் ஓரம் அதை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் முழங்கால் வலியோடு ஒரு மூதாட்டி தூங்கிக்கொண்டிருந்தார். கீழே எட்டுக் குடும்பங்கள் தூங்கிக்கொண்டிருந்தன.

மலையை நேசிக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிற ஒருவனுக்குள் இது எங்கிருந்து வந்தது? அன்று மலையைக் காப்பாற்றத்தான் விலகினேனா, இல்லை என்றைக்காவது சரியாக இருப்பதற்காக விலகினேனா? அந்த இரவுக்குப் பிறகு என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ரைட்டின் படத்தைக் காட்டி அவர் கேட்டதும் இதைத்தானோ என்று இப்போது தோன்றுகிறது. ஒரு மேதை அருவியின் தலையில் தளம் போட்டால் அதை இயற்கையோடு இயைந்தது என்கிறோம். ஓய்வுபெற்ற ஒருவர் பேரப்பிள்ளைகளுக்காகச் சமதளம் கேட்டால் பேராசை என்கிறோம். பாறை, மண் என்ற வித்தியாசம் உண்மைதான். அதற்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டதும் உண்மைதான்.

சுவர் விழவில்லை. போன அக்டோபரில், மழை தொடங்கும் முன், அவரே அழைத்தார். "வந்து ஒரு காபி சாப்பிட்டுவிட்டுப் போங்கள் தம்பி. நீங்கள் வீட்டைப் பார்க்கவே இல்லையே." போனேன். முன்னால் புல்தரையில் ஒரு குழந்தையின் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. வெயில் விழுந்த பள்ளத்தாக்கு அங்கிருந்து அவ்வளவு அழகாகத் தெரிந்தது. அதை மறுக்க மாட்டேன். அந்த அம்மா படி எதுவும் ஏறாமல் காபி கொண்டுவந்து கொடுத்தார்.

வீட்டுக்காரர் பின்பக்கம் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். "எத்தனை மழையைப் பார்த்துவிட்டது!" என்றார். அவர் பேசிக்கொண்டிருக்க, நான் துளைகளை எண்ணினேன். இருபத்திரண்டு. ஆறில் பாசி மூடி, மண் அடைத்திருந்தது. அந்த ஆறுக்கு மேலே சுவரில் மங்கலாக ஓர் ஈரக்கறை படர்ந்திருந்தது.

சொல்லாமல் திரும்பிவிட முடியும் என்று ஒரு கணம் தெரிந்தது. சொன்னேன். அவர் முகம் மாறியது. "நீங்களே இருந்து பார்த்துச் செய்துவிடுங்கள் தம்பி" என்றார்.

மறுநாள் மேஸ்திரி நீளமான கம்பியோடு வந்தார். முதல் இரண்டு துளைகள் எளிதாகத் திறந்தன, சொட்டுச் சொட்டாக நீர் வந்தது. மூன்றாவதில் கம்பி ஏதோ ஒன்றில் மோதி நின்றது. அவர் திருகி இழுத்தார். குழாயிலிருந்து செம்மண் கலந்த நீர் பீறிட்டுக் கால்வாயில் விழுந்தது. தெளிந்த நீர் வந்தால் கவலை இல்லை. மண்ணோடு வந்தால் ஜல்லிக்குப் பின்னால் மலை கரைகிறது. இருவருக்கும் அது தெரியும். மேஸ்திரி கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். நீர் தெளிகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றோம்.