தஞ்சாவூருக்கு நிழல் பார்க்கப் போனோம்

மார்கழியில் எங்கேயாவது போகலாம் என்று ஆரம்பித்தது என் ஹாஸ்டல் சிநேகிதிதான். ஊட்டி, ஏற்காடு, மூணாறு என்று வரிசையாகப் பெயர் அனுப்பிக்கொண்டே இருந்தாள், நான் எல்லாவற்றுக்கும் தஞ்சாவூர் என்றே பதில் போட்டேன். "வருஷா வருஷம் போறியே, அலுக்கலையாடி உனக்கு?" என்றாள். அலுக்கவில்லை. எனக்கு அங்கே சொந்தபந்தம் யாரும் கிடையாது, அந்த ஊர்க்காரியும் இல்லை, ஆனாலும் ஸ்டேஷனில் இறங்கியதும் தோள் இரண்டும் கொஞ்சம் தளரும், அதற்காகவே போவேன்.

அவளை இழுக்க எனக்கு ஒரு தூண்டில் தேவைப்பட்டது. ஹாஸ்டலில் இருந்த நாளிலிருந்து எங்களுக்குள் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. பெரிய கோயில் விமானத்தின், அதாவது கருவறைக்கு மேலே எழும் கோபுரத்தின், நிழல் தரையில் விழாது என்று நான் சத்தியம் செய்வேன், பள்ளிக்கூடச் சுற்றுலாவில் டீச்சர் சொன்னது. கல் என்று இருந்தால் நிழல் விழுந்துதான் தீரும் என்பாள் அவள். இத்தனை தடவை போயும் நான் ஒரு நாள் கூட உச்சிப் பொழுதில் அங்கே நின்று பார்த்ததில்லை என்பதுதான் வெட்கக்கேடு. அந்த நேரத்தில் எப்போதும் ஏதாவது ஒரு மெஸ்ஸில் இலை முன்னால் உட்கார்ந்திருப்பேன். அவள் இப்போது பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறாள். "நேர்ல போய்ப் பாத்துடுவோம், யார் ஜெயிக்கிறான்னு" என்றதும் அரையாண்டு லீவில் டிக்கெட் போட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி எழும்பூரில் உழவன் எக்ஸ்பிரஸ். விடிவதற்குள் கும்பகோணம் வந்துவிட்டது. ஜன்னலைத் தூக்கினால் சம்பாப் பயிர் மேல் பனி மூட்டம், கூடவே எங்கிருந்தோ ஒலிபெருக்கியில் திருப்பாவை. டெல்டாக் குளிர் என்பது ஊட்டிக்காரர்கள் கேட்டால் சிரிக்கிற குளிர்தான், ஆனால் எங்கள் பெட்டியில் பாதிப் பேர் குரங்குக் குல்லாவில்தான் இருந்தார்கள். நானும் மப்ளர் சுற்றிக்கொண்டுதான் இறங்கினேன்.

லாட்ஜைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெந்நீர் 24 மணி நேரமும் வரும் என்று போட்டிருந்தார்கள், வரவில்லை, கேட்டதற்கு ஒரு பையன் பக்கெட்டில் கொண்டுவந்து வைத்தான், அந்தப் பக்கெட் தண்ணீர் நன்றாகவே இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் நிழல் பார்ப்பதாகத் திட்டம். ஆனால் வங்கக் கடலில் தாழ்வு நிலை. காலையிலிருந்தே நசநசவென்று தூறல், வானம் சாம்பல் பூசிய மாதிரி கிடந்தது. விமானத்துக்கு மட்டும் இல்லை, எங்கள் இரண்டு பேருக்குமே நிழல் இல்லை. "பாத்தியா, விழலை" என்றேன். அவள் பதிலே சொல்லவில்லை.

சரி என்று அரண்மனைக்குப் போனோம். போகவேண்டிய இடம் அங்கே இருக்கும் கலைக்கூடம், அதிலும் ஒரே ஒரு சிலை. திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர். 1011-ல் செய்தது, அதாவது பெரிய கோயில் முடிந்த மறு வருஷம். சிவன் ஒரு காளையின் மேல் கையைப் போட்டுச் சாய்ந்து, ஒரு காலைக் குறுக்கே வைத்து நிற்கிறார், தலையில் சடையை முண்டாசு மாதிரி சுற்றிக் கட்டியிருக்கிறது, உற்றுப் பார்த்தால் அந்த முண்டாசில் பாம்பு நெளிகிறது. விஷயம் என்னவென்றால் காளை இல்லை. என்றைக்கோ தொலைந்து போயிற்று. அந்த வலது கை மட்டும் ஒன்றுமில்லாத இடத்தில் சாய்ந்தபடி இருக்கிறது, விரல்கள் லேசாக மடங்கி, மணிக்கட்டு தொய்ந்து, காளையின் திமில் எவ்வளவு உயரத்தில் இருந்திருக்கும் என்று அந்தக் கையைப் பார்த்தே சொல்லிவிடலாம். தெருமுனையில் சைக்கிள் ஹாண்டில்பார் மேல் கை போட்டுக் கதை பேசுகிறவர்களின் கை இப்படித்தான் இருக்கும். அவள் ஒரு நிமிஷம் சுற்றிப் பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்று தெரிந்ததும் அதே மாதிரி நின்று பார்த்தாள், வழுக்கி என் மேலேயே சாய்ந்தாள். "சப்போர்ட் இல்லாம இப்படி நிக்கவே முடியாதுடி" என்றாள்.

சரஸ்வதி மகால் நூலகத்தைப் பார்க்க அரை மணி நேரம் போதும் என்று போனவள், சரபோஜி மன்னர் சேர்த்த படங்கள் முன்னால் நின்றுவிட்டாள். மனித முகத்தையும் மிருக முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்த பிரெஞ்சுக்காரரின் படங்கள் உண்டு அங்கே, ஆந்தை மூஞ்சி, ஒட்டக மூஞ்சி, கழுதை மூஞ்சி. அவளுடைய ஸ்டாஃப் ரூமில் யார் யாருக்கு எது பொருந்தும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அதை இங்கே எழுத மாட்டேன்.

சாயங்காலம் மழை விட்டது, டவுன் பஸ் பிடித்துத் திருவையாறு. அந்தப் பாதையில் பாலங்களை எண்ணிக்கொண்டு போவது என் பழக்கம்: வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியாகக் காவிரி. 13 கிலோமீட்டருக்குள் ஐந்து ஆறு. ஜூன் 12 மேட்டூரைத் திறந்து ஜனவரி 28 மூடுவது என்பது வழக்கமான கணக்கு, அதனால் மார்கழியில் போனால் பெரும்பாலும் ஐந்திலும் தண்ணீர் பார்க்கலாம். வெயில் காலத்தில் போனால் எண்ணுவதற்குப் பாலம் இருக்கும், ஆறு இருக்காது. தியாகராஜர் சமாதியில் கூட்டமே இல்லை, ஆராதனைக்கு இன்னும் நாள் இருந்தது. எதிரே பெங்களூர் நாகரத்தினம்மா சிலையாகக் கைகூப்பி உட்கார்ந்திருக்கிறார். தன் பணத்தில் அந்தக் கோயிலைக் கட்டியவர் அவர். பெண்கள் ஆராதனையில் பாட முடியாமல் இருந்த காலத்தில் தனியாக ஓர் ஆராதனையே நடத்தியவரும் கூட. அவள் அவரைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லையாம். படித்துறையில் அசோகா அல்வாவை வாழை இலையில் வைத்துத் தின்றபடி நான் கதை சொன்னேன். (அசோகா என்பது பாசிப்பருப்பு. கோதுமை என்று நினைத்துச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்.)

ஞாயிறு காலை சுள்ளென்று வெயில்.

பதினொரு மணிக்கே கோயிலுக்குள் போய்விட்டோம். கறுப்பு வேட்டி ஐயப்ப சாமிகள், சிவப்புப் புடவையில் மேல்மருவத்தூர் போகும் பெண்கள், லீவுக்கு வந்த பிள்ளைகள், எங்கே பார்த்தாலும் கூட்டம். நேரம் இருந்ததால் வெளிச் சுவரில் அவளுக்குக் கல்வெட்டு காட்டினேன். என்னால் முழுக்கப் படிக்க முடியாது, அங்கங்கே ஒரு எழுத்து பிடிபடும், அவ்வளவுதான். ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்களை, அதாவது கோயிலில் ஆடும் பெண்களை, குடியமர்த்தியதை எழுதிவைத்திருக்கும் கல்வெட்டு அங்கே இருக்கிறது. ஒவ்வொருவர் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், தெருவில் தென்சிறகா வடசிறகா, எத்தனையாவது வீடு, ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு வருஷம் 100 கலம் நெல். "இதென்னடி ரேஷன் கார்டு மாதிரி இருக்கு" என்றாள். எனக்கு இத்தனை வருஷமாகத் தோன்றாத உவமை.

பன்னிரண்டு அடித்ததும் கணக்கு டீச்சர் ஆகிவிட்டாள். இந்த ஊரில் உச்சி என்பது கடிகாரத்துப் பன்னிரண்டு இல்லையாம், டிசம்பர் கடைசியில் ஏறக்குறைய 12:14. ஊர் 10.8 பாகை வடக்கில் இருக்கிறது, சூரியனோ 23 பாகைக்கு மேல் தெற்கே போயிருக்கிறது, ஆகவே உச்சியிலும் அது 56 பாகை உயரத்தில்தான் நிற்கும். விமானம் 216 அடி. பிளாட்பாரம் டிக்கெட்டின் பின்னால் எழுதிப் போட்டுப் பார்த்து, நடுவிலிருந்து வடக்கே 147 அடி தள்ளி நிழல் முனை விழும், அடித்தளமே ஏறக்குறைய 100 அடி சதுரம், அதில் பாதியைக் கழித்தாலும் சுவருக்கு வெளியே நூறடி நிழல் என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று வடக்குப் பக்கம் நடந்தாள்.

விழுந்திருந்தது. சந்தேகமே வேண்டாம், கல்தரையில் கறுப்பாக, அகலமாக, மேலே போகப் போகக் குறுகி, நுனியில் கலசத்தோடு. வெயிலில் நின்ற கல் மார்கழியிலும் காலைச் சுட்டது, நிழலில் வைத்தால் ஜில்லென்று இருந்தது. அவள் கலசத்தின் நிழல் மேல் தன் தலையின் நிழலைப் பொருத்தி நின்று, படம் எடுக்கச் சொன்னாள். நான் தோற்றுப்போன படத்தை நானே எடுத்தேன்.

அப்போதுதான் ஒரு வழிகாட்டி முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெயில் தாங்காமல் எல்லோரையும் நிழலில் நிறுத்தினார், விமானத்தின் நிழலில்தான். நிறுத்திவிட்டு, கையைத் தூக்கிக் காட்டி, இந்தக் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்று ஆரம்பித்தார். ஒருவர் கூடக் கீழே பார்க்கவில்லை. அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துத் தலையாட்டினார்கள். இவள் வாயைத் திறக்கப் போனாள், நான் கையைப் பிடித்து அழுத்தினேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அந்தக் கூட்டத்தில் ஒரு சின்னப் பெண் கண்ணை விரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

திரும்பும் ரயிலில் விழுப்புரம் வரைக்கும் அவள் விடவில்லை. அந்தக் கதை சும்மா வந்திருக்காதாம். சித்திரை பிறந்து நாலைந்து நாளில் சூரியன் சரியாகத் தஞ்சாவூரின் தலைக்கு மேல் வரும், விமானம் மேலே போகப் போகக் குறுகுவதால் அன்றைக்கு உச்சியில் நிழல் முழுக்க அதன் மேலேயே அடங்கிவிடும், அன்றைக்கு மட்டும் இல்லை, பங்குனியிலிருந்து புரட்டாசி வரைக்கும் உச்சி வேளையில் தரையில் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. அப்படியானால் டீச்சர் சொன்னதும் பாதி சரிதானே என்றேன். பாதிக்குப் பாதி மார்க்தான் போட முடியும், நேரில் பார்த்துவிட்டுத் திருத்துகிறேன் என்றாள்.

போன வாரம் ஏப்ரல் லீவுத் தேதியைக் கேட்டு செய்தி அனுப்பியிருந்தாள். சித்திரை மாதம் உச்சி வெயிலில் அந்தக் கல்தரையில் செருப்பில்லாமல் நிற்கவேண்டியிருக்கும் என்பது அவளுக்கு இன்னும் உறைக்கவில்லை. நானும் சொல்லவில்லை, தேதியை மட்டும் அனுப்பிவைத்தேன்.