"தப்பா எதும் பண்ணிக்க மாட்டல்ல?"னு கேக்காதீங்க

போன மாசம் ரெண்டு நாள் ட்ரெய்னிங் ஒண்ணுக்குப் போயிட்டு வந்தேன். கேம்பஸ்ல வேலை பாக்கறவங்களுக்கும் ஸ்டூடன்ட்ஸுக்கும் சேத்து நடத்தினாங்க, மனநலம் பத்தி, அப்புறம் ஒருத்தர் உயிர விடற யோசனையில இருந்தா பக்கத்துல இருக்கறவங்க என்ன பண்ணணும்ங்கறத பத்தி. நான் டிபார்ட்மென்ட் ஆபீஸ்ல இருக்கேன். ஃபீஸ் கட்டலன்னா, அட்டென்டன்ஸ் கொறஞ்சா, அரியர் விழுந்தா, லீவ் லெட்டர் குடுக்கணும்னா எல்லாரும் மொதல்ல வந்து நிக்கறது என் டேபிள் முன்னாடிதான். கவுன்சலர்னு ஒருத்தர் இருக்காங்கன்னு தெரியறதுக்கு முன்னாடியே என் டேபிள் தெரிஞ்சிடும்.

நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பையன் இப்படித்தான் வந்து நின்னான். டிஸ்கன்டினியூ பண்றதுக்கு ஃபார்ம் கேட்டான். ரெண்டு மூணு வாரமா கிளாஸுக்கு வரல, முகம் வாடிப்போயிருந்துச்சு, லைப்ரரி புக்கெல்லாம் திருப்பிக் குடுத்துட்டேன் மேடம்னு தானா சொன்னான். எனக்கு உள்ளுக்குள்ள ஏதோ உறுத்திச்சு. "என்னப்பா, தப்பா எதும் பண்ணிக்க மாட்டல்ல?"ன்னு கேட்டேன். "சேச்சே, அதெல்லாம் இல்ல மேடம்"னு சிரிச்சிட்டுப் போயிட்டான். அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. மூணாவது நாள் அவன ஐசியுல சேத்திருக்காங்கன்னு செய்தி வந்துச்சு. அவன் இப்ப நல்லா இருக்கான், வேலையில இருக்கான், அதுக்கு மேல அவன பத்தி எழுதறது முறையில்ல. ஆனா நான் கேட்ட அந்த ஒரு வாக்கியம் இந்த நாலு வருஷமா என் கூடவே இருக்கு.

அதுல என்ன தப்புன்னு ட்ரெய்னிங்லதான் முழுசா புரிஞ்சுது. "மாட்டல்ல?"ன்னு முடிக்கும்போதே பதில நானே அவன் வாயில வச்சிட்டேன். "மாட்டேன்"னு சொல்லு, எனக்கு நிம்மதி குடு, அப்படின்னு கேட்ட மாதிரி. "தப்பா"ன்னு ஒரு வார்த்தை வேற. தனக்கு வர்ற யோசனைய நெனச்சு ஏற்கனவே கூசிப்போயிருக்கற புள்ளகிட்ட அது தப்புன்னு தீர்ப்பும் சொல்லியாச்சு, அப்புறம் அவன் எப்படி ஆமான்னு சொல்வான். நம்ம பேச்சுல இந்த விஷயத்துக்கு நேரான வார்த்தையே வர்றதில்ல, கவனிச்சிருக்கீங்களா? "ஏதாவது ஏடாகூடமா பண்ணிடாத", "விபரீத முடிவு எடுத்துடாத", "கோழைத்தனமா யோசிக்காத". எல்லாமே "ாத"ல முடியுது. ஒண்ணு கூட கேள்வி இல்ல.

ட்ரெய்னர் போர்டுல எழுதினது இது: "உனக்கு தற்கொலை பண்ணிக்கலாம்னு தோணுதா?" அவ்ளோதான். இத பக்கத்து சீட்ல இருக்கறவங்க கண்ண பாத்து, குரல் நடுங்காம, நிதானமா சொல்லணும்னாங்க. முப்பது பேர் இருந்தோம், யாருக்கும் முதல் தடவ வரல. ஒருத்தர் "த..."ல நிறுத்திட்டாரு. பேராசிரியர் ஒருத்தங்க அந்த வார்த்தைய மட்டும் முழுங்கிட்டு "உனக்கு அந்த மாதிரி தோணுதா"ன்னாங்க. மறுபடி, மறுபடின்னு சொல்ல வச்சாங்க. ஏழெட்டு தடவைக்கு அப்புறம்தான் எனக்கு "காய்ச்சல் இருக்கா"ன்னு கேக்கற மாதிரி சாதாரணமா வந்துச்சு. ரெண்டு நாள்ல வேற எதுவுமே கத்துக்கலன்னாலும் இது ஒண்ணு போதும்னு எனக்குத் தோணுச்சு.

இப்படி நேரா கேட்டா இல்லாத யோசனைய நாமளே விதைச்சிட்ட மாதிரி ஆயிடாதான்னு அங்கயும் ஒருத்தர் கேட்டாரு, எல்லாருக்கும் உள்ள பயம்தான். இத ஆராய்ச்சி பண்ணியே பாத்திருக்காங்க. 2014ல டாஸிங்கற ஆராய்ச்சியாளரும் அவங்க குழுவும் அதுவரைக்கும் வந்திருந்த 13 ஆய்வுகள சேத்து வச்சு அலசினாங்க, கேட்டதால யாருக்கும் அந்த எண்ணம் அதிகமானதா ஒரு ஆய்வுலயும் வரல. ஏற்கனவே அந்த யோசனையில தவிச்சிட்டிருந்தவங்களுக்கு கேட்டது கொஞ்சம் ஆறுதலாக் கூட இருந்திருக்கு. யோசிச்சுப் பாத்தா அது ஆச்சரியமும் இல்ல. யார்கிட்டயும் சொல்ல முடியாம மாசக்கணக்கா தனியா சுமந்துட்டிருக்கற ஒண்ண, இன்னொருத்தர் பதறாம பேர் சொல்லிக் கேக்கும்போது பாரம் பாதி இறங்கத்தானே செய்யும்.

இன்னொரு விஷயமும் எனக்கு ரொம்ப முக்கியமாப் பட்டுச்சு. முடிவு பண்ணிட்டவங்கள தடுக்க முடியாது, இன்னிக்குத் தடுத்தா நாளைக்குப் பண்ணிப்பாங்கன்னு நாம நம்பிட்டிருக்கோம். 1978ல ரிச்சர்ட் சைடன்ங்கறவர் ஒரு ஆய்வு வெளியிட்டாரு. கடைசி நேரத்துல தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேர், பல வருஷம் கழிச்சு என்ன ஆனாங்கன்னு தேடிப்போய் பாத்தது. நூத்துக்கு தொண்ணூறுக்கு மேல உயிரோட இருந்தாங்க, இல்லன்னா இயற்கையா இறந்திருந்தாங்க. அந்த வேகம் ஒரு அலை மாதிரி ஏறி இறங்கும், அது இறங்கற வரைக்கும் ஒருத்தர் கூட இருந்தா போதும். அந்த நேரத்துல ஆபத்தான எதுவும் கைக்கெட்டற தூரத்துல இல்லாம பாத்துக்கறதும் அதனாலதான் இவ்ளோ முக்கியம். ஹாஸ்டல் ரூம்ல அப்படி தவிக்கற ஒரு பொண்ணோட பேசி, சம்மதத்தோட, ஆபத்தானத எடுத்து வேற ஒருத்தர்கிட்ட குடுத்து வைக்கறது ரொம்ப சாதாரண வேலையாத் தெரியும், ஆனா உயிர் அதுலதான் நிக்குது.

சரி, "ஆமா மேடம், தோணுது"ன்னு சொல்லிட்டாங்க, அப்புறம்? ரோல் ப்ளேல நான் தடுமாறினது இங்கதான். என் எதிர்ல ஒரு எம்.எஸ்.சி. பொண்ணு ஸ்டூடன்டா நடிச்சா, ஆமான்னு சொன்னதும் நான் உடனே ஆரம்பிச்சிட்டேன், எல்லாம் சரியாயிடும்மா, இதெல்லாம் ஒரு விஷயமா, அம்மா அப்பாவ நெனச்சுப் பாருன்னு மூச்சு விடாம. ட்ரெய்னர் நிறுத்தி அந்தப் பொண்ணுகிட்ட இப்ப எப்படி இருக்குன்னு கேட்டாங்க. "அம்மாவ நெனச்சுப் பாருன்னதும் இன்னும் குற்ற உணர்ச்சிதான் வந்துச்சு, நான் இல்லன்னா அவங்களுக்கு பாரம் கொறையும்னுதானே ஏற்கனவே நெனச்சிட்டிருக்கேன்"னா. நடிப்புதான், ஆனா அந்த ஹாலே அமைதியாயிடுச்சு. நான் மத்தவங்களுக்கு பாரம்ங்கற நம்பிக்கை தற்கொலை எண்ணத்துல எவ்ளோ பெரிய பங்கு வகிக்குதுன்னு தாமஸ் ஜாய்னர்ங்கற உளவியலாளர் விரிவா எழுதியிருக்காரு. நாம பாசமா நெனச்சு சொல்ற வாக்கியம் அதே புண்ணுல போய் விழுது. அதுக்கு பதிலா "எவ்ளோ நாளா இப்படி இருக்கு?", "என்கிட்ட சொன்னது நல்லதாப் போச்சு", அவ்ளோ போதும். அப்புறம் வாய மூடிட்டு இருக்கணும். அந்த ஒரு நிமிஷ மௌனத்த தாங்கறதுதான் ரெண்டு நாள்லயே கஷ்டமான பயிற்சி.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க"ன்னு கேப்பாங்க. பண்ணாதீங்க. "நீ சொன்னத ஊரெல்லாம் பேச மாட்டேன், ஆனா உன் உயிர் விஷயம்னா நான் தனியா வச்சுக்க மாட்டேன், யார்கிட்ட சொல்றேனோ உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்"னு நேர்மையா சொல்லிடலாம். கோவம் வரும், வரட்டும். அப்புறம் கவுன்சலர் நம்பர பேப்பர்ல எழுதிக் குடுத்து அனுப்பறது உதவியே இல்ல, அந்த நிலையில இருக்கறவங்களுக்கு ஒரு போன் பண்றது மலை ஏறற மாதிரி. கூட நடந்து போங்க. உள்ள உக்கார வைக்கற வரைக்கும் இருங்க. எப்படி பண்றதுன்னு திட்டமும் யோசிச்சு வச்சிருக்காங்கன்னு தெரிஞ்சா ஒரு நிமிஷம் கூட தனியா விடாதீங்க, எமர்ஜென்சிக்கு இன்னொருத்தர போன் பண்ணச் சொல்லிட்டு நீங்க பக்கத்துலயே இருங்க.

கவுன்சலர் என்ன பண்ணுவாங்கன்னும் கொஞ்சம் காட்டினாங்க. பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரவுன்னு ரெண்டு பேர் உருவாக்கின பாதுகாப்புத் திட்டம் ஒண்ணு இருக்கு, ஒரே பக்கம்தான். எனக்கு மோசமாகப் போகுதுன்னு எந்த அறிகுறிய வச்சுத் தெரிஞ்சுக்குவேன், அப்ப தனியா என்ன செஞ்சு பாப்பேன், யாரோட போய் இருந்தா மனசு மாறும், யார்கிட்ட உதவி கேப்பேன், எந்த டாக்டர், எந்த ஹெல்ப்லைன், சுத்தி இருக்கற இடத்த எப்படி பாதுகாப்பா வச்சுக்குவேன். இத அந்தப் புள்ளயோட சேந்து உக்காந்து, அதோட சொந்த வார்த்தையிலயே எழுதணும். 2018ல வந்த அவங்க ஆய்வுல, இந்தத் திட்டத்தோட கூட அப்பப்ப போன் பண்ணியும் விசாரிச்சதுல, அடுத்த ஆறு மாசத்துல தற்கொலை முயற்சி மாதிரியான நடத்தை கிட்டத்தட்ட பாதியா கொறஞ்சிருந்துச்சு. போன் பண்ணி விசாரிக்கறதும் மருந்துதான்.

பானிக் அட்டாக், காதுல குரல் கேக்குதுன்னு சொல்றவங்க, இதெல்லாமும் இருந்துச்சு, அத தனியா எழுதறேன். ஒண்ணு மட்டும் இப்பவே: குரல் கேக்குதுன்னு சொல்றவங்ககிட்ட "அப்படி ஒண்ணும் இல்ல"ன்னு வாதாடாதீங்க, கேக்குதுன்னு ஒத்து ஊதவும் வேணாம், "உனக்கு பயமா இருக்குன்னு புரியுது"ன்னு சொல்லிட்டு கூட்டத்த விலக்கி அமைதியான இடத்துக்கு கூட்டிட்டுப் போங்க.

இந்த மாதிரி ட்ரெய்னிங் ஒண்ணும் புதுசு இல்ல. 2000லயே ஆஸ்திரேலியாவுல பெட்டி கிச்சனரும் அவங்க கணவர் ஆன்டனி ஜார்மும் மனநல முதலுதவின்னு ஆரம்பிச்சு வச்சாங்க, அந்த அம்மா நர்ஸ், அவங்களே டிப்ரெஷன அனுபவிச்சவங்க. அடிபட்டவனுக்கு கட்டுப்போட பொதுமக்களுக்கு சொல்லித்தரோம், இதுக்கு ஏன் இல்லன்னு அவங்களுக்குத் தோணின ஒரு நியாயமான கேள்வி. அதுவும் கேம்பஸுக்கு இது ரொம்பப் பொருந்தும், ஏன்னா வாழ்க்கையில வரப்போற மனநலப் பிரச்சினைகள்ல முக்கால்வாசி 24 வயசுக்குள்ளயே தொடங்கிடுதுன்னு 2005ல ரொனால்ட் கெஸ்லர்ங்கற ஆராய்ச்சியாளரோட ஆய்வு காட்டிச்சு. அந்த வயசுப் புள்ளைங்க மொத்தமா இருக்கற இடம் நம்ம இடம்தான்.

ஆனா ஒரு தடவ நடத்தி சர்டிபிகேட் குடுத்து குரூப் போட்டோ எடுத்துட்டா முடிஞ்சுதுன்னு நிர்வாகம் நெனைக்கறது எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கு. அமெரிக்காவுல இந்த மாதிரி தற்கொலைத் தடுப்புப் பயிற்சிகள் நடந்த மாவட்டங்கள 2015ல ஒரு குழு ஆராய்ஞ்சுது, பயிற்சிக்கு அடுத்த வருஷம் இளைஞர் தற்கொலை கொறஞ்சிருந்துச்சு, அதுக்கப்புறம் அந்த வித்தியாசம் நிக்கல. மறந்துடும், ஆளும் மாறிடுவாங்க, அவ்ளோதான் காரணமா இருக்க முடியும்னு நான் நெனைக்கறேன். அதனால ஆறு மாசத்துக்கு ஒரு தடவ அரை நாளாவது திரும்ப உக்காந்து வாய் விட்டு அந்தக் கேள்வியக் கேட்டுப் பழகணும்னு எழுதிக் குடுத்திருக்கேன். இன்னொண்ணும் எழுதியிருக்கேன். முப்பது பேர்ல இருபது பேர் ஆசிரியர்கள். வாட்ச்மேன், ஹாஸ்டல் க்ளீனிங் அக்காங்க, லைப்ரரில நைட் ஷிப்ட் பாக்கறவங்க யாரும் இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு மொட்டமாடிக் கதவு திறந்திருக்கறது யார் கண்ணுல படும்? மூணு நாளா ஒரு ரூம் பூட்டியே கெடக்குன்னு யாருக்கு மொதல்ல தெரியும்?

எங்க ஹாஸ்டல் வாட்ச்மேன் அண்ணன்கிட்ட இதெல்லாம் டீ குடிக்கறப்ப சொல்லிட்டிருந்தேன். அமைதியா கேட்டாரு. அப்புறம் பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு ராத்திரி, அழுதுட்டு நின்ன ஒரு பையன் கூட விடியற வரைக்கும் படிக்கட்டுல உக்காந்திருந்தேன்மா, என்ன பேசறதுன்னு தெரியல, சும்மா உக்காந்திருந்தேன்னாரு. அந்தப் பையன் பொழச்சுப் படிச்சு முடிச்சுப் போயிட்டான். ஆனா அன்னிக்கு அப்புறம் மாசக்கணக்கா எனக்கு தூக்கம் சரியா இல்ல, யார்கிட்டயும் சொல்லலன்னாரு. உங்கள யாராவது கேட்டாங்களாண்ணேன்னு கேட்டேன். இல்லன்னு தலைய ஆட்டினாரு. மறுநாள் கவுன்சலர் மேடம்கிட்ட பேசி டைம் வாங்கினேன், ஷிப்ட் முடிஞ்சதும் ரெண்டு பேருமா நடந்து போனோம், அவர உள்ள விட்டுட்டு நான் வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன். வெளிய வர முக்கால் மணி நேரம் ஆச்சு. அடுத்த ட்ரெய்னிங் பேட்ச் லிஸ்ட்ல மொத பேரு அவரோடதுதான்.