டிவைஸ் மெமரிய யூசர் ப்ரோகிராம் கையில குடுக்கறது: வேலை நாட்குறிப்பு

ஜூன் 3, 2025, செவ்வாய்

லினக்ஸ் ஓடற போர்டுல இருக்கிற எஃப்பிஜிஏ (நாமளே சர்க்யூட் அமைச்சுக்கற சிப்) பிளாக்குக்கு ரெண்டு மெமரி ஏரியா, 4 கேபி ரெஜிஸ்டர் (டிவைஸோட நிலைய படிக்கற, கட்டளை எழுதற இடம்), 64 கேபி சாம்பிள் பஃபர் (டிவைஸ் தர்ற டேட்டா சேர்ற இடம்). இப்ப வரைக்கும் ப்ரோகிராம் ஒவ்வொரு ரெஜிஸ்டருக்கும் ஐஓசிடிஎல் (கெர்னல்ல இருக்கிற டிரைவர்கிட்ட கேக்கற கால்) போட்டுத்தான் படிக்குது, ஒரு ஸ்டேட்டஸ் பிட் பாக்கறதுக்கு கெர்னலுக்குள்ள போய்ட்டு வரணும்னா சாம்பிள் வேகமா வர்றப்ப தாங்காது. அதனால எம்மேப்தான், அதாவது டிவைஸ் மெமரிய ப்ரோகிராமோட அட்ரஸ்லயே நேரா காட்டிடறது.

ஹார்டுவேர் பதில் சொல்லுதான்னு பாக்க டெவ்மெம் (ஃபிசிக்கல் மெமரிய ஃபைல் மாதிரி திறந்து காட்டற டிவைஸ் ஃபைல்) வழியா ஐடி ரெஜிஸ்டர படிச்சேன், சரியான நம்பர் வந்துச்சு. டெவ்மெம் அதோட போதும். ரூட்டா இருந்தா எந்த ஃபிசிக்கல் அட்ரஸையும் கேக்கலாம், ஸ்ட்ரிக்ட் டெவ்மெம்ங்கற கெர்னல் செட்டிங் போட்டா ராமுக்குத்தான் தடை, டிவைஸ் ரெஜிஸ்டர் அப்படியே திறந்து கிடக்கும். 2012 டிசம்பர்ல கேலக்ஸி எஸ்3ல என்ன ஆச்சுன்னு பலருக்கு ஞாபகம் இருக்கும், எக்சினாஸ்-மெம்னு ஒரு டிவைஸ் ஃபைல் எல்லா ஆப்புக்கும் படிக்க எழுத பர்மிஷனோட இருந்துச்சு, அது வழியா போன் ராமையே தொட்டு எந்த ஆப்பும் ரூட் ஆக முடிஞ்சது. எம்மேப் குடுக்கறதுல எனக்கு உள்ள பயமெல்லாம் இதுதான், வேகத்துக்காக குடுக்கறோம்னு சொல்லி கேட்டதுக்கு மேல குடுத்துடக் கூடாது.

ஜூன் 5, வியாழன்

டிரைவர்ல எம்மேப் எழுதி முடிச்சேன். ப்ரோகிராம் எம்மேப் கூப்பிட்டதும் கெர்னல் ஒரு விஎம்ஏ (மேப் ஆகப்போற அட்ரஸ் பகுதியோட விவரம்) செஞ்சு நம்ம ஃபங்ஷன்கிட்ட குடுக்கும், நாம ரீமேப் பிஎஃப்என் ரேஞ்ச் ஃபங்ஷன கூப்பிட்டா பேஜ் டேபிள்ல (ப்ரோகிராம் அட்ரஸ ஃபிசிக்கல் அட்ரஸா மாத்தற பட்டியல்) என்ட்ரி விழுந்துடும், அப்புறம் சிபியு நேரா டிவைஸுக்குப் போகும், கெர்னல் நடுவுல வராது. நடுவுல வராதுங்கறதாலதான் சைஸையும் ஆஃப்செட்டையும் இங்கயே பாத்தாகணும். ஆஃப்செட் பேஜ் கணக்குல வரும், ப்ரோகிராம் பெருசா ஒன்ன குடுத்து நாம செக் பண்ணலன்னா பக்கத்து டிவைஸும் சேந்து மேப் ஆகிடும். கையால செக் எழுதறத விட விஎம் ஐஓமேப் மெமரி ஃபங்ஷன் நல்லது, நம்ம ஏரியாவோட ஆரம்பத்தையும் நீளத்தையும் சொன்னா போதும், ஓவர்ஃப்ளோ உட்பட எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும்.

எனக்கு ரொம்ப பிடிச்ச இன்னொரு விஷயம், ரீமேப் பண்ணும்போதே அந்த ஏரியாவ கோர் டம்ப்ல (க்ராஷ் ஆனா எழுதற மெமரி நகல்) எடுக்காதேன்னு ஃப்ளாக் விழுந்துடுது. நம்ம ஃபிஃபோ (வந்த வரிசையிலயே வெளிய விடற) ரெஜிஸ்டர ஒரு தடவ படிச்சாலே ஒரு சாம்பிள் வெளிய போய்டும், ப்ரோகிராம் க்ராஷ் ஆகி டம்ப் எழுதறவன் இதையும் படிச்சான்னா டேட்டா காலி. யாரோ இத ரொம்ப முன்னாடியே யோசிச்சு வச்சிருக்காங்க.

ஜூன் 9, திங்கள்

டீம் தம்பி வந்து, "அண்ணா, ரெஜிஸ்டர் நல்லா படிக்குது, பஃபர மெம்காப்பி பண்ணா பஸ் எரர்"ங்கறான். ரெண்டு ஏரியாவையும் நான்கேஷ்டா (கேஷ் வழியா போகாம) மேப் பண்ணியிருந்தோம், நம்ம போர்டோட ஆர்ம் 64 சிபியுல நான்கேஷ்டுனா அது டிவைஸ் டைப் மெமரி, அதுல அலைன் ஆகாத (படிக்கற சைஸால வகுபடாத அட்ரஸ்ல பண்ற) ஆக்சஸே நடக்காது. ஜிலிப்சி (லினக்ஸோட சி லைப்ரரி) மெம்காப்பியோ வேகத்துக்காக கடைசி பைட்டுகள அலைன்மென்ட் பாக்காம பெரிய துண்டா இழுக்கும். எக்ஸ்86 மெஷின்ல இதே கோடு சத்தமில்லாம ஓடிடும், அதான் நிறைய பேர் இங்க வந்து முழிக்கறாங்க.

பஃபர மட்டும் ரைட்கம்பைனா மாத்தினோம். ஆர்ம் 64ல அது கேஷ் இல்லாத நார்மல் மெமரி, மெம்காப்பி அடுத்த ரன்லயே ஓடிச்சு. ரெஜிஸ்டர் அப்படியே நான்கேஷ்டுதான், கேஷ்ல பழைய ஸ்டேட்டஸ் உக்காந்துட்டா லூப் முடியவே முடியாது. ப்ரோகிராம் பக்கம் 32 பிட் வாலட்டைல் பாயின்டர், இல்லன்னா கம்பைலர் ஒரே ஒரு தடவ படிச்சுட்டு அதையே வச்சுக்கும்.

ஜூன் 11, புதன்

இன்டரப்ட்டுக்கு (டிவைஸ் சிபியுவ கூப்பிடற சிக்னல்) யூஐஓ, டிரைவரோட பெரும்பகுதிய யூசர் ப்ரோகிராம்லயே எழுத விடற கெர்னல் வசதி. 2007ல 2.6.23 கெர்னல்ல வந்தது, ஹான்ஸ்-யூர்கன் கோக்கும் இன்னும் சிலரும் எழுதினது, இன்னிக்கும் சின்ன டிவைஸுக்கு இது அருமை. இன்டரப்ட்ட க்ளியர் பண்ற சின்ன ஹேண்ட்லர் மட்டும் கெர்னல்ல இருக்கும், ப்ரோகிராம் யூஐஓ ஃபைல்ல 4 பைட் ரீட் போட்டு தூங்கும், இன்டரப்ட் வந்தா மொத்த எண்ணிக்கையோட எழுந்துக்கும், போன தடவையோட கழிச்சுப் பாத்தா நடுவுல எத்தன விட்டுப்போச்சுன்னு தெரிஞ்சுடும். எம்மேப்ல எத்தனாவது ஏரியாங்கறத ஆஃப்செட்லயே சொல்லணும், 0 போட்டா ரெஜிஸ்டர், 4096 போட்டா பஃபர்.

ஒரு இடத்துல மட்டும் நின்னு யோசிக்கணும். ஃபிசிக்கல் ஏரியான்னா யூஐஓ நான்கேஷ்டாத்தான் மேப் பண்ணும், நம்ம பஃபருக்கு அது ஆகாது. அதுக்கு நம்ம எம்மேப் ஃபங்ஷன குடுக்க ஒரு ஹூக் இருக்கு, குடுத்தாச்சு, ஆனா அங்க வர்ற ஆஃப்செட் 1னா ரெண்டாவது ஏரியான்னு அர்த்தம், ஒரு பேஜ் தள்ளின்னு இல்ல, அதையே ரீமேப் கணக்குல கூட்டிடக் கூடாது.

ஜூன் 16, திங்கள்

யூடெவ் (டிவைஸ் ஃபைல் பர்மிஷன பாத்துக்கற சர்வீஸ்) ரூல் போட்டு டிவைஸ் ஃபைல ஒரு க்ரூப்புக்கு மட்டும் திறந்தாச்சு, ப்ரோகிராம் இப்ப ரூட் இல்லாம ஓடுது.

அடுத்த கார்டுல டிஎம்ஏ (சிபியு நடுவுல வராம கார்டே ராம்ல படிக்க எழுதறது) இருக்கு, அங்க யூஐஓ வேணாம்னு தம்பிகிட்ட சொல்லிட்டேன். ரெஜிஸ்டர்ல எந்த அட்ரஸ எழுதினாலும் கார்டு நேரா அந்த ராம்ல போய் எழுதிடும், பேஜ் டேபிள்ல நாம பாத்துப் பாத்து போட்ட செக் எதுவும் அத தடுக்காது. அதுக்குத்தான் 2012ல 3.6 கெர்னல்ல விஎஃப்ஐஓ வந்துச்சு, அலெக்ஸ் வில்லியம்சன் கொண்டு வந்தது, ஐஓஎம்எம்யூவ (கார்டு ராம்ல எந்த அட்ரஸ தொடுதுன்னு சரிபாக்கற ஹார்டுவேர்) வச்சு இந்த ப்ரோகிராம் குடுத்த மெமரிய மட்டும்தான் கார்டு தொடலாம்னு கட்டிப் போடும். சாயங்காலம் சிஸ்எஃப்எஸ்ல (டிவைஸ் விவரங்கள கெர்னல் காட்டற ஃபைல்கள்) பாத்தோம், கார்டு தனி ஐஓஎம்எம்யூ க்ரூப்லதான் இருக்கு, வேற டிவைஸ் எதுவும் கூட இல்ல. நாளைக்கு பழைய டிரைவர கழட்டிட்டு விஎஃப்ஐஓ-பிசிஐ டிரைவர்கிட்ட குடுக்கறோம்.