கொழுக்குமலைக்கு மறுபடியும், திட்டு வாங்க

ஜீப்காரர் மேல் இருக்கும் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று, வீடு வந்து சேர்ந்த ராத்திரியே உட்கார்ந்துவிட்டேன். போனில் 2500 ரூபாய் என்று பேசியவர், விடிகாலை நாலரை மணிக்கு, கொழுக்குமலைக்கு ஜீப் ஏறும் சூரியநெல்லியில், கும்மிருட்டில், பல் தந்தியடிக்கும் குளிரில், "3500 ஆகும் சார், ஸ்டாண்டு எல்லாம் வச்சிருக்கீங்களே" என்றார். ஸ்டாண்டு என்றது கேமராவை நிறுத்தும் எங்கள் முக்காலிகளை, ட்ரைபாடுகளை. மூன்று ட்ரைபாடுக்கு ஆயிரம் ரூபாயா? அது என்ன சீட்டிலா உட்காரப் போகிறது? அந்த நேரத்தில் வேறு ஜீப் தேடினால் சூரியன் நமக்காக நிற்காது என்று அவருக்கும் தெரியும். தபால் துறையில் முப்பது வருஷம் கவுன்ட்டரில் இருந்து ஓய்வு பெற்ற எங்கள் அண்ணன்தான் பேசிப் பேசி 3000-க்குக் கொண்டுவந்தார். ஐந்து பேர், தலைக்கு 600. எஸ்டேட் நுழைவுக் கட்டணம் தனி. திரும்பி வந்து இறக்கிவிடும்போது அந்த மனிதர் சிரித்துக்கொண்டே விசிட்டிங் கார்டு வேறு கொடுத்தார். "அடுத்த தடவை நேரா எனக்கே கூப்பிடுங்க." கிழித்துப் போடலாம் என்றுதான் சட்டைப் பையில் வைத்தேன்.

எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். பார்க்கலாம், இடையிடையே வரும்.

போன வருஷமே கொழுக்குமலை போய் வந்தவன் நான். அப்போது எடுத்த சூரிய உதயப் படத்தைச் சொந்தக்காரர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். என் மச்சான் அதைக் கல்யாண ஆல்பத்துக்குப் பின்னணியாகவே வைத்துக்கொண்டான். அந்த மிதப்பில்தான் அதை எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் காட்டினேன்.

கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. மாதம் ஒரு ஞாயிறு, மதுரையில் அண்ணன் வீட்டு மொட்டை மாடி. அண்ணன், ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் கடை வைத்திருக்கும் தம்பி, பள்ளிக்கூட டீச்சர் அக்கா, நான். யாரும் தொழில்முறைக் கலைஞர் இல்லை, யாரிடமும் லட்ச ரூபாய் கேமரா இல்லை. ஆளுக்கு மூன்று படம் காட்ட வேண்டும். ஒரே ஒரு விதி: மற்றவர்கள் பேசி முடிக்கும் வரை படம் எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. "அங்கே பயங்கரக் காற்று", "மூணு மணிக்கு எழுந்து போனேன்", "கால் வைக்க இடமே இல்லை" எதுவும் செல்லாது. நாம் பட்ட குளிர் படத்தில் தெரியாது என்பது அண்ணன் கட்சி.

அந்தப் படத்துக்குக் கிடைத்தது பத்து நிமிட அர்ச்சனை. அடிவானம் வலது பக்கம் சாய்ந்திருக்கிறது, மேகமெல்லாம் அந்தப் பக்கம் வழிந்துவிடும் போலிருக்கிறது என்றார் அண்ணன். ஃப்ளெக்ஸ் தம்பி வண்ணத்தைப் பிடித்துக்கொண்டான். "இது சூரியனா, ஜிலேபியா? சாச்சுரேஷனை எங்கண்ணே நிறுத்துனீங்க? இந்த ஆரஞ்சு திரையிலதான் எரியும். சிஎம்ஒய்கே-ல, அதான் அச்சு மையில, அடிச்சா செங்கல் நிறத்துல வந்து நிக்கும்." அவனுக்குத் தெரியும், தினமும் வாடிக்கையாளரோடு இதே சண்டை. டீச்சர் அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: "சூரியனுக்குக் கீழ பாதிப் படம் கறுப்பா இருக்கே, அங்க என்ன இருந்துச்சு?" அங்கே தேயிலைச் சரிவு இருந்தது, பாறை இருந்தது, பாதை இருந்தது. வானத்து வெளிச்சத்துக்கு ஏற்ற மாதிரி எக்ஸ்போஷர் வைத்ததில் எல்லாம் கரியாகிவிட்டன. வாயைத் திறக்கக் கூடாதே, உட்கார்ந்திருந்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுபடியும் போவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அவர்களையும் இழுத்துக்கொண்டு.

சரி, வழி. மதுரையிலிருந்து தேனி வழியாகப் போடிநாயக்கனூர். 2023 ஜூனில் போடி வரை அகல ரயில்பாதை வந்த பிறகு பட்ஜெட்காரர்களுக்கு ரயில்தான் லாபம். போடியிலிருந்து மூணாறு பஸ் ஏறிப் பூப்பாறையில் இறங்கி, அங்கிருந்து சூரியநெல்லி. வேடிக்கை என்னவென்றால் கொழுக்குமலை இருப்பது நம் தேனி மாவட்டத்தில். வண்டிப் பாதை இருப்பதோ கேரளத்து இடுக்கிப் பக்கம். போடிமெட்டில் மாநிலத்தைத் தாண்டி, சுற்றி, மலையேறி, திரும்பத் தமிழ்நாட்டுக்குள்ளேயே வந்து விழ வேண்டும்.

போடியில் பஸ் என்று ஒன்று வந்தது. ஜன்னல் ஒன்று மூடாது, ஒன்று திறக்காது. நாங்கள் நின்ற இடம் மூடாத ஜன்னலுக்குப் பக்கம். கண்டக்டர் ட்ரைபாடைப் பார்த்துவிட்டு "இது என்ன, லக்கேஜ் டிக்கெட் எடுங்க" என்றார். மடக்கினால் குடை நீளம்தான் வரும் என்று மடக்கியே காட்டினேன். குடைக்கும் எடுக்க வேண்டும் என்றால் பஸ்ஸில் பாதிப் பேர் மாட்டுவார்கள் என்று டீச்சர் அக்காவின் கணவர் சொல்ல, பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் சிரிக்கவில்லை, டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். இந்த ட்ரைபாட் எனக்கு இந்தப் பயணத்தில் வைத்த செலவுக்குப் புதிதாகவே ஒன்று வாங்கியிருக்கலாம்.

அக்காவின் கணவரைப் பற்றிச் சொல்லவில்லையே. அவர் படம் எடுப்பதில்லை. அக்காவுக்குத் துணையாக ஃப்ளாஸ்க் தூக்கிக்கொண்டு வருவார். இவரை மறந்துவிடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி சூரியநெல்லியில் ஒரு தட்டுக்கடை. பெயர்ப்பலகை இல்லை, ஒரு குண்டு பல்பும் ஒரு அம்மாவும்தான். வேகவைத்து மசித்த கப்பை, நம்ம மரவள்ளிக்கிழங்குதான், மேலே தேங்காயும் கறிவேப்பிலையும்; பக்கத்தில் குடம்புளி போட்ட மத்திக் குழம்பு. குழம்பு நேற்று வைத்ததாம், அதனால்தான் இந்த ருசி என்றார் அந்த அம்மா. ஒரு வாய் வைத்ததும் ஃப்ளெக்ஸ் தம்பி பேச்சை நிறுத்திவிட்டான், அவன் பேச்சை நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. குளிரில் கப்பையின் ஆவி முகத்தில் அடிக்க, புளிப்பும் காரமும் மூக்கைத் திறந்துவிட்டன. ஐந்து பேர் வயிறு முட்டச் சாப்பிட்டு, கட்டன் சாயா குடித்து, ஆளுக்கு நூறு ரூபாய்கூட ஆகவில்லை. அந்தச் சாப்பாட்டுக்காகவே இன்னொரு தடவை போவேன். அண்ணன் மட்டும் "நான் சைவம்" என்று புட்டும் கடலையும் சாப்பிட்டுவிட்டு எங்களைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜீப் பாதையைப் பாதை என்று சொன்னால் மற்ற பாதைகள் கோபித்துக்கொள்ளும். ஒரு மணி நேரத்துக்கு மேல் பாறை மேல் பாறையாகத் தூக்கிப் போட்டுத்தான் மேலே கொண்டுபோய்ச் சேர்த்தார். கேமராப் பையைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் போடாதீர்கள். இந்தக் கட்டுரையில் உருப்படியான ஆலோசனை இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

மேலே போனால் திருவிழா. புலி வாய் திறந்த மாதிரி இருக்கும் பாறையின் மேல் செல்ஃபிக்கு வரிசை நிற்கிறது. ஒருவர் ட்ரோன் கொண்டுவந்து எல்லோர் தலைக்கும் மேலே கொசு மாதிரி ரீங்காரம். கிழக்கே தேனிச் சமவெளி முழுக்க மேகம் மூடிக் கிடக்க, அதன் மேல் மலை முகடுகள் தீவு தீவாக. இந்தக் காட்சியைக் குறை சொல்ல முடியாது. எத்தனை தடவை பார்த்தாலும் தொண்டையில் ஏதோ அடைக்கிறது.

அண்ணன் மட்டும் மலையடிவாரத்துக் குரங்கணிப் பக்கம் பார்த்தபடி தனியாக நின்றிருந்தார். சின்ன வயதில் அந்த வழியாகத்தான் நடந்தே ஏறி வருவாராம். 2018 மார்ச்சில் அந்தச் சரிவில்தான் காட்டுத்தீயில் மாட்டி மலையேற்றக்காரர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தப் பக்கம் அவர் கேமராவைத் திருப்பவே இல்லை.

இந்தத் தடவை போன வருஷத் தப்புகளை எல்லாம் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். கேமராவின் பின்திரையில், அதாவது லைவ் வியூவில், கட்டக்கோடு போட்டு அடிவானத்தை நேராக்கினேன். காற்றில் ட்ரைபாட் ஆடாமல் இருக்க நடுத்தண்டில் பையைத் தொங்கவிட்டேன். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் லென்ஸின் ஸ்டெபிலைசர் ட்ரைபாடில் வேண்டாம் என்று அணைத்தேன். ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப் 8; எஃப் எண் கூடக் கூடத் துளை சின்னதாகும். போன தடவை எல்லாம் துல்லியமாக வரட்டும் என்று எஃப் 22 வைத்தேன். அவ்வளவு சின்னத் துளையில் ஒளி சிதறிப் படமே மொழுக்கென்று ஆகிவிடும் என்று அப்போது தெரியாது. வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் பாதி அல்லது இரட்டிப்பு) குறைத்து ஒன்று, சரியாக ஒன்று, இரண்டு ஸ்டாப் கூட்டி ஒன்று என ஒரே காட்சியை மூன்றாக எடுத்துக்கொண்டேன். பிறகு மூன்றையும் சேர்த்தால் இருட்டுக்குள் தேயிலையும் கிடைக்கும், வானமும் வெளுக்காது. பனி ஈரம் லென்ஸில் முத்து முத்தாக உட்கார்ந்துகொண்டே இருந்தது. ஒரு கையில் துணி, ஒரு கையில் ரிமோட்.

சூரியன் ஆறரைக்கு மேல் எட்டிப் பார்த்தது. முழு வட்டமும் வெளியே வர ஏறக்குறைய இரண்டு நிமிடம், அவ்வளவுதான். கூட்டம் ஹோ என்று கத்தியது. கால் மணி நேரத்தில் பாதிப் பேர் ஜீப்புக்குத் திரும்பிவிட்டார்கள்.

நானும் ட்ரைபாடை மடக்கப் போனேன். "திரும்பிப் பாருங்க தம்பி" என்றார்கள் டீச்சர் அக்கா. பின்பக்கம், மீசைப்புலிமலைப் பக்கம், தாழ்ந்த வெயில் தேயிலைச் சரிவுகளைத் தடவிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு நிழல். பள்ளத்திலிருந்து மூடுபனி கிளம்பி, நாங்கள் இடுப்பொடிய வந்த அந்த ஜீப் பாதையைத் துண்டு துண்டாக விழுங்கிக்கொண்டிருந்தது. அவசர அவசரமாக 55-250 லென்ஸை மாட்டினேன். நெடுந்தொலைவு லென்ஸில் முகடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக நெருங்கி வந்து அடுக்காக நின்றன. நாற்பது படம் எடுத்திருப்பேன். அப்புறம் மூடுபனி எல்லாவற்றையும் மூடிவிட்டது, பேட்டரியும் செத்துவிட்டது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். உபரி பேட்டரியை உடம்புச் சூட்டில் வைத்திருங்கள், என்னை மாதிரி லாட்ஜில் வைத்துவிட்டு வராதீர்கள்.

பத்து மணிக்கு லாட்ஜ். பன்னிரண்டுக்குள் காலி செய்ய வேண்டும், இல்லையென்றால் இன்னொரு நாள் வாடகை. அந்த நேரத்துக்குள் கூட்டத்தை முடித்தாக வேண்டும். அறை டிவியில் போட்டுப் பார்த்தோம், எல்லோர் படமும் பாசி பிடித்த மாதிரி பச்சையாக வந்தது. கடைசியில் ஃப்ளெக்ஸ் தம்பியின் லேப்டாப்.

என் முதல் படம், மூன்றை ஒன்றாகச் சேர்த்த சூரிய உதயம். எந்தக் குறையும் இல்லை என்று நம்பித்தான் வைத்தேன். "நேரா இருக்கு. தேயிலை தெரியுது. வண்ணமும் அளவா இருக்கு" என்றான் தம்பி. நான் சிரிக்க ஆரம்பிப்பதற்குள், "கொழுக்குமலைன்னு தேடுனா இதே படம்தான் ஆயிரம் வரும்" என்று முடித்தான். மறுத்துப் பேச விதியும் இல்லை, விஷயமும் இல்லை. இரண்டாவது படம், பாறை மேல் நிற்கும் ஆள். அவர் தலையிலிருந்து ஒரு ட்ரைபாட் கால் முளைத்திருந்தது. அதைப் பற்றி மேலே பேசாமல் இருப்பதே மரியாதை.

மூன்றாவது, அந்த மூடுபனிப் பாதை. அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. "இது" என்றார் அண்ணன். அவ்வளவுதான் சொன்னார். ஒன்றரை வருஷத்தில் அவரிடம் நான் வாங்கிய ஒரே நல்ல வார்த்தை அது.

அப்போது ஃப்ளாஸ்க்கை மூடிக்கொண்டிருந்த அக்காவின் கணவர் எட்டிப் பார்த்தார். "அந்த நீலம் என்னங்க?"

இடது கீழ் மூலையில் ஒரு நீலத் தார்ப்பாய். ஆம்லெட் கடைக்காரர் கட்டியிருந்தது. பார்த்த பிறகு வேறு எதுவுமே கண்ணில் படவில்லை. அத்தனை சாம்பலுக்கும் பச்சைக்கும் நடுவே அது மட்டும் தேர்தல் கொடி மாதிரி துடித்தது. எனக்குச் சொல்ல நியாயம் இருந்தது: என் கேமரா பழையது, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் காட்சியின் 95 சதவீதம்தான் தெரியும், மிச்ச ஓரம் தெரியாமல்தான் உள்ளே வரும். வாயைத் திறக்கக் கூடாது. அதுவும் தவிர, லைவ் வியூவில் நாலு மூலையையும் ஒரு சுற்றுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சூரிய உதயத்துக்குப் பார்த்தேன். இங்கே மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெட்டிவிடலாமா என்று பார்த்தோம். அந்த மூலையை வெட்டினால் பாதை தொடங்கும் இடமும் சேர்ந்து போகிறது. ரெண்டே நிமிஷத்தில் தார்ப்பாயை அழித்துத் தேயிலையை வைத்துவிடுகிறேன் என்றான் ஃப்ளெக்ஸ் தம்பி. அங்கே இல்லாத செடியை நீ நடக் கூடாது என்றார் அண்ணன். தார்ப்பாய் மட்டும் மலையில் முளைத்ததா என்று இவன் கேட்க, சண்டை முற்றி, லாட்ஜ் பையன் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போனான். என்னைக் கேட்டால் இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அழித்த படத்தை அண்ணன் முன்னால் இன்னொரு தடவை வைக்க எனக்குத் தைரியம் கிடையாது.

டீச்சர் அக்கா கையை நீட்டினார்கள். "ஏதாவது கார்டு இருந்தா குடுங்க." சட்டைப் பையிலிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அதைத் திரையில் அந்த மூலையின் மேல் வைத்து மறைத்தார்கள். பாதை கீழே தொடங்கி, வளைந்து, மூடுபனிக்குள் போய், மேலே இன்னொரு முகட்டில் தலை காட்டியது.

"இப்பப் பாக்கலாம்" என்றார் அக்காவின் கணவர்.

ஜீப்காரரின் கார்டு. நம்பர் மேலே பார்த்தபடி இருந்தது. பஸ்ஸுக்கு நிற்கும்போதே கூப்பிட்டுவிட்டேன். மாசி முதல் வாரம், 2500 ரூபாய். ஸ்டாண்டு உட்பட என்று இரண்டு தடவை சொல்லி வாங்கியிருக்கிறேன்.