ஆழித்தேருக்கு முன்னே நடப்பவர்கள்

கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி (வேலி என்பது பழைய நில அளவு) என்று திருவாரூரின் பரப்பைச் சொல்வது வழக்கம். பங்குனி உத்திரப் பெருவிழாவுக்காக அங்கே செல்கிறவர்கள் பெரும்பாலும் தேரைத்தான் காணச் செல்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அலங்கரித்து முடித்தால் 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் கொண்ட ஆழித்தேர் கீழவீதியில் அசைந்து வரும்போது வேறெதன் மீதும் கண் செல்லாது. இருப்பினும், இம்முறை தேருக்கு முந்தைய நாளே ஆரூரை அடைந்துவிட்ட எனக்கு, அந்தத் தேருக்கு முன்னால் முதுகை வெயிலுக்கும் முகத்தைக் கூட்டத்துக்கும் கொடுத்து நடக்கும் நாகசுர, தவில் கலைஞர்கள் சிலருடன் உட்கார்ந்து பேசும் பேறு வாய்த்தது. தங்கள் வாழ்நாளில் மறக்க முடியாத வாசிப்பு எது என்று அவர்களைக் கேட்டேன். சபாக்களையும் விருதுகளையும் சொல்வார்கள் என்று எதிர்பார்த்த எனக்கு, அவர்கள் தேர்ந்தெடுத்துச் சொன்னவை வியப்பளித்தன.

முதலில் சாயரட்சையைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருவாரூரில் மாலை நேரத்துப் பூசைக்குத் தனிச் சிறப்பு உண்டு. அவ்வேளையில் தேவர்கள் வந்து வழிபடுவதாக ஐதீகம். இத்தலத்து இறைவனான தியாகராசரின் சந்நிதிக்கு எதிரே நின்றால், வேறெங்கும் எளிதில் கேட்கக் கிடைக்காத இசைக் கருவிகளைக் கேட்கலாம். ஒரே குடத்தில் ஐந்து வாய்களும் தோல் போர்த்தப்பட்ட பஞ்சமுக வாத்தியம், சுத்த மத்தளம், பாரி நாயனம் ஆகியவை முசுகுந்தச் சக்கரவர்த்தி தேவலோகத்திலிருந்து தியாகேசரைக் கொண்டுவந்தபோது உடன் வந்தவை என்பது தலபுராணம் சொல்லும் செய்தி. பஞ்சமுக வாத்தியத்தின் ஐந்து முகங்களும் சத்யோசாதம், வாமதேவம், அகோரம், தத்புருடம், ஈசானம் என்னும் சிவபெருமானின் ஐந்து முகங்களாகவே போற்றப்படுகின்றன. இக்கருவிகளை முழக்கும் உரிமை உடையோரை முட்டுக்காரர் என்று அழைப்பார்கள். இந்தக் கோயிலில் சுத்த மத்தளம் வாசித்த தம்பியப்பன், முத்துசுவாமி தீட்சிதரின் சீடர். அவர் தீராத வயிற்று வலியால் துன்புற்றபோது, சீடரின் நோய் தீர வேண்டிக் குரு பகவான் மீது தீட்சிதர் கீர்த்தனை இயற்றினார் என்றும், நவக்கிரகக் கீர்த்தனைகள் அங்கிருந்தே தொடங்கின என்றும் செவிவழி வரலாறு கூறுகிறது. சங்கீத மும்மூர்த்திகள் மூவருமே பிறந்த ஊர் இது என்று பெருமைப்படுகிறவர்கள், கோயில் மத்தளக்காரர் ஒருவரின் வயிற்று வலிக்காக இசையுலகம் பெற்ற கொடையையும் சேர்த்தே சொன்னால் நன்றாயிருக்கும்.

பூசை முடிந்து கமலாலயக் குளக்கரைக்கு வந்தபோதுதான் அந்தப் பெரியவரைச் சந்தித்தேன். எழுபது வயதைக் கடந்தவர். பரம்பரையாக நாகசுரம் வாசிக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். இப்போது மகன் முன்னின்று வாசிக்க, அவர் துணைக்கு வந்திருந்தார். நாகசுரத்தின் வாயில் பொருத்தி ஊதும் சீவாளிகளைக் கோத்த கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக நாவில் நனைத்து ஊதிப் பார்த்து, மறுநாளைக்கு உதவும் என்று தோன்றியவற்றை மட்டும் தனியே ஒதுக்கிக்கொண்டிருந்தார். "கச்சேரியைக் கேக்குறீங்களா, கோயிலைக் கேக்குறீங்களா?" என்று திருப்பிக் கேட்டார். கோயில்தான் ஐயா என்றதும் அவர் சொல்லத் தொடங்கினார்.

இளைஞராக இருந்த காலத்தில் அவர் தம் பெரியப்பாவுக்கு இரண்டாம் நாயனம், அதாவது துணை நாகசுரம், வாசித்து வந்தார். காவிரிப் படுகையில் ஒரு சிற்றூர்க் கோயிலின் தேர், மாலையில் வீதி முக்குத் திரும்பும்போது ஈர மண்ணில் சக்கரம் இறங்கி நின்றுவிட்டது. சன்னைக் கட்டைகளைக் கொடுத்து நெம்பியும் தேர் அசையவில்லை. சுவாமி வீதியில் நிற்கும்வரை மேளம் ஓயக் கூடாது என்பது அவர்களுக்கு விதி. பெரியப்பா தோடியும் கல்யாணியும் வாசித்து, உதடு வீங்கி, இனி முடியாது என்ற நிலையில் இவரைப் பார்த்துக் கண்ணால் சாடை காட்டினார். இவர் காம்போதியை எடுத்தார். ஆட்கள் தேரை நெம்பக் குரல் எழுப்பும்போதெல்லாம் தவில் எழும்பி அவர்களோடு சேர்ந்துகொள்ளும். தேர் அசையாமல் அவர்கள் ஓய்ந்ததும் ஆலாபனை விட்ட இடத்திலிருந்து தொடரும். நள்ளிரவுக்குப் பின் கேட்பார் யாருமில்லை. ஊர்க்காரர்கள் திண்ணைகளில் உறங்கிவிட்டனர். குருக்கள் தேர்த்தட்டிலேயே தூணில் சாய்ந்துவிட்டார். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் சுவாமியும் இவர்களும் மட்டுமே இருந்தார்கள். பாடம் செய்த சங்கதிகளெல்லாம், அதாவது இசை வேறுபாடுகளெல்லாம், தீர்ந்த பிறகுதான் அந்த இராகம் தமக்குத் திறந்தது என்றார் அவர். வானம் வெளுக்கத் தொடங்கியபோது அவர் விரல்கள் பூபாளத்துக்குப் போயிருந்தன. அதுவரை தரையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தம் நாயனத்தை எடுத்து, இவருக்கு இரண்டாம் நாயனமாக உடன் சேர்ந்தார்.

தேர் நகர்ந்தது வெயில் ஏறிய பிறகுதான். பெரியப்பா பாராட்டாக ஒரு சொல்லும் சொல்லவில்லையாம். தம் கயிற்றிலிருந்து நல்ல சீவாளி ஒன்றைக் கழற்றிக் கையில் கொடுத்தார், அவ்வளவுதான். "மேடையிலே நாம நிறுத்திக்கலாம். இங்கே அவரு நகர்ந்தாத்தான் உண்டு" என்று கோயிலின் பக்கம் கையைக் காட்டினார்.

உடனிருந்த தவில் கலைஞர் நடுத்தர வயதினர். விரல்களில் மாட்டும் கூடுகளை ஒரு தகர டப்பாவில் அடுக்கி வைத்தபடியே, வீதி உலாவில் தாம் பார்ப்பது நாயனக்காரரின் முகத்தையன்று, சுவாமியைத் தோளில் சுமக்கும் சீர்பாதம் தாங்கிகளின் கால்களையே என்றார். தோள்கள் தளரும்போது காலம் இறங்க வேண்டும். அவர்கள் தோள் மாற்றும்போது தீர்மானம் என்னும் முடிப்புச் சொற்கட்டு ஒன்றை வைத்து முடிக்க வேண்டும். அவருடைய நினைவில் நிற்பது, இடப வாகனப் புறப்பாட்டின்போது தூறல் விழுந்த ஓர் இரவு. ஈரம் பட்டால் தவிலின் வலந்தலை, அதாவது வலக்கைப் பக்கத்துத் தோல், தளர்ந்து குரல் இறங்கிவிடும். அன்று குரல் முழுவதும் அடங்கிப்போக, வலக்கை விரல்களை நிறுத்திவிட்டு, தொப்பி எனப்படும் இடப் பக்கத்தைக் குச்சியால் மட்டும் தட்டித் தாளத்தைக் காத்துக்கொண்டு நடந்தார். ஒரு வீட்டு வாசலில் அர்ச்சனைக்காகச் சுவாமியை இறக்கியபோது, அந்த வீட்டுப் பாட்டி உள்ளே ஓடிப்போய் குமுட்டி அடுப்பைத் தணலோடு தூக்கிவந்து தவிலின் அருகே வைத்துவிட்டு, தம் தலை நனைவதைப் பொருட்படுத்தாமல் குடையைத் தோலுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். குருக்களும் அதைப் பார்த்துவிட்டு ஆராதனையை நிதானமாகவே செய்தார் என்பது இவருடைய ஊகம். தோல் இறுகிக் குரல் திரும்பியதும் வாசித்த தனி ஆவர்த்தனத்தைப் போல ஒன்றைப் பின்னர் எந்த மேடையிலும் வாசிக்க வாய்க்கவில்லை என்று அவர் சொன்னபோது, அதில் வருத்தம் எதுவும் தெரியவில்லை.

அன்றிரவு தியாகராசர் அசபா நடனத்தோடு தேருக்கு எழுந்தருளினார். திருமால் தம் மார்பில் வைத்துப் பூசித்தபோது, அவருடைய மூச்சின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப இறைவன் அசைந்தாடியதே அசபா நடனம் என்பர். தியாகராசர் எழுந்தருளியுள்ள சப்த விடங்கத் தலங்கள் ஏழுக்கும் ஏழு நடனங்கள். ஆரூருக்கு உரியது இது. தாங்கிகள் தோளில் சுமந்தபடி முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசைந்து வரும்போது, இசையும் அதே மூச்சில் ஏறி இறங்க வேண்டும். மாலையில் கேட்ட செய்திகளுக்குப் பிறகு நான் அதுவரை கவனித்திராத ஒன்றைக் கவனித்தேன்: கலைஞர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதே அரிதாக இருந்தது, எல்லோருடைய பார்வையும் சுவாமியைத் தாங்கிய தண்டுகளின் மீதே இருந்தது.

விடிந்ததும் விநாயகர், சுப்பிரமணியர் தேர்கள் முன்னே செல்ல, "ஆரூரா! தியாகேசா!" என்னும் முழக்கத்தோடு ஆழித்தேரின் வடம் பிடிக்கப்பட்டது. தவிலில் தொடக்க முழக்கமான அலாரிப்பு முடிந்து, கம்பீர நாட்டை இராகத்தில், சுவாமி புறப்பாட்டுக்குரிய மல்லாரி எழுந்தது. மல்லாரிக்குச் சாகித்தியம், அதாவது பாடல் வரிகள், கிடையாது. திருமஞ்சனத்துக்குத் தீர்த்தம் கொண்டுவரும்போது தீர்த்த மல்லாரி, மடைப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி, தேருக்குத் தேர் மல்லாரி என்று அவரவர் பணிக்கு ஏற்ப அது வகுக்கப்பட்டிருக்கிறது. வீட்டுக்குள்ளிருந்தே, தெருவில் என்ன வருகிறது என்பதைக் காதால் அறிந்த தலைமுறை ஒன்று இங்கே இருந்தது. இன்று வீதியெங்கும் கட்டிய ஒலிபெருக்கிகளில் வேறு பாட்டு ஓடுவதால் பத்தடி தள்ளி நிற்பவருக்கே மல்லாரி கேட்பதில்லை. மின்சாரத்தில் தானே அடித்துக்கொள்ளும் மேளப் பெட்டிகளைப் பூசை நேரத்தில் முடுக்கிவிடும் கோயில்களையும் பார்த்து வருகிறேன். பெட்டிக்குத் தாங்கிகளின் கால்கள் தெரியாது என்பதை நிர்வாகத்தில் இருப்பவர்கள் ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்கலாம்.

இப்போது ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரங்களும் விசைத் தடைகளும் உண்டு. வீதி முனைகளில் மசகு தடவிய இரும்புத் தகடுகளைச் சக்கரங்களுக்கு அடியில் இட்டுத்தான் தேரைத் திருப்புகிறார்கள். அதற்கு நேரம் பிடிக்கிறது. தெற்கு வீதிக்குத் திரும்பும் முனையில் தேர் நின்றபோது கூட்டத்தில் பாதிப் பேர் நிழல் தேடி நகர்ந்தார்கள். பெரியவரின் மகன் கரகரப்பிரியாவை விரிக்கத் தொடங்கினார். பெரியவர் நாயனத்தைக் கையில் எடுக்கவில்லை. ஓரமாக நின்று, மகனின் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, மீண்டும் தள்ளி நின்றுகொண்டார்.

அடுத்த ஆண்டு செல்ல எண்ணுகிறவர்கள் தேருக்கு முதல் நாள் நண்பகலுக்குள் ஊரை அடைந்துவிடுவது நல்லது. சாயரட்சைக்குத் தியாகராசர் சந்நிதி, இரவில் அசபா நடனம், மறுநாள் வீதி முனை ஆகிய மூன்றையும் தவறவிட வேண்டாம். வடம் பிடிக்க விரும்புகிறவர்கள் முதல் வீதியிலேயே பிடித்துவிட்டு, தேர் திரும்புவதற்குள் முனைக்கு வந்து, ஒலிபெருக்கிகளிலிருந்து விலகி, மேளத்துக்குப் பக்கவாட்டில் நின்றுகொள்ளலாம். நேர் எதிரே நின்றால் நாகசுரத்தின் அகன்ற அடிவாயான அனைசிலிருந்து வரும் ஒலியை அவ்வளவு அருகில் காது தாங்காது.