பேட்டரியில் எவ்வளவு மிச்சம்?

சோலார், காற்றாலை, டீசல் ஜெனரேட்டர் மூன்றையும் ஒரே பேட்டரியோடு இணைத்து ஓட்டும் அமைப்புகளுக்கு மென்பொருள் எழுதுகிறேன். அதில் நான் அதிகம் மெனக்கெடுவது ஒரே ஒரு எண்ணுக்காக: பேட்டரியில் இப்போது எத்தனை சதவீதம் சார்ஜ் இருக்கிறது? திரையில் 62% என்று பார்த்தால் அளந்து சொன்னது போல இருக்கும். மூடிய லித்தியம் செல்லுக்குள் அதை நேரடியாக அளக்க வழியில்லை. வோல்டேஜ், கரண்ட், வெப்பநிலை இவற்றை வைத்துக் கணிக்கத்தான் வேண்டும்.

உள்ளே போகிற, வெளியே வருகிற கரண்டைக் கூட்டிக் கழித்துக்கொண்டே போவது எளிய வழி. சில மணி நேரத்துக்கு அருமையாக வரும். ஆனால் சென்சார் எப்போதும் 0.5 ஆம்பியர் கூட்டிக் காட்டினால், ஒரு நாளில் 12 ஆம்பியர்-மணி பிசகிவிடும். 200 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது 6%. ஒரு வாரம் விட்டால் 42%! பேட்டரி முழுதாக நிரம்பும்போது கணக்கை நேர் செய்துகொள்ளலாம். மேகமூட்டமும் காற்றில்லாத நாட்களும் சேர்ந்து வந்தால் அது நிரம்பினால்தானே?

சரி, வோல்டேஜைப் பார்க்கலாம் என்றால், அதற்குப் பேட்டரி கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும். பகலில் வெயில், இரவில் காற்று, எந்நேரமும் லோடு, ஓய்வு எங்கே? அதோடு லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லில், சார்ஜ் நடுத்தரமாக இருக்கும் பகுதி முழுக்க வோல்டேஜ் 3.3ஐ ஒட்டியே நிற்கும். சார்ஜ் பாதி குறைந்தாலும் சில பத்து மில்லிவோல்ட்தான் இறங்கும்.

இந்த இரண்டு வழிகளையும் சேர்த்துக்கொள்ள உதவுவது, ருடால்ஃப் கால்மன் 1960இல் வெளியிட்ட ‘வடிகட்டி’ என்ற கணக்கு முறை. கரண்டை வைத்து அடுத்த நிலையைக் கணிக்கும், வோல்டேஜை வைத்துத் திருத்தும். சார்ஜ் நடுவில் இருக்கும்போது கரண்டை அதிகம் நம்பும், நிரம்பும் அல்லது தீரும் ஓரங்களில் வோல்டேஜை. எனக்கு இதில் பிடித்ததே வேறு: தன் கணிப்பு எவ்வளவு பிசகலாம் என்பதையும் அதுவே சொல்லும். பலர் அந்த இரண்டாவது எண்ணைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு மனசே ஆறுவதில்லை.

சார்ஜ் 30%க்கு இறங்கினால் ஜெனரேட்டர் ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கணிப்பு 38%, பிசகு 3% என்றால் வெயில் வரும்வரை தாராளமாகக் காத்திருப்பேன். அதே 38%, பிசகு 12% என்றால் உடனே ஓட்டுவேன், ஏனென்றால் உண்மையில் 26% மட்டுமே இருக்கலாம். ஜெனரேட்டரை நிறுத்தும்போது மேல் எல்லையை, அதாவது கணிப்போடு பிசகைக் கூட்டினால் வருவதைப் பார்ப்பேன். டீசலிலேயே நிரப்பிவிட்டால் காலை வெயிலுக்கு இடமிருக்காது.

பிசகு ரொம்ப அகன்றுவிட்டால் டீசல் செலவானாலும் ஒருமுறை முழுதாக நிரப்பிக் கணக்கைச் சரிசெய்வதுதான் நல்லது. வாரம் ஒருமுறை என்று காலண்டரில் குறிப்பதை விட, பிசகு 10%ஐத் தாண்டியதும் நிரப்பும்படி எழுதுவது என் வழக்கம். அப்புறம், அந்தச் சமயத்திலேயே பேட்டரியின் மொத்தக் கொள்ளளவையும் திருத்திக்கொள்கிறேன். வயதாக ஆக அது சுருங்கும், பழைய கொள்ளளவால் வகுத்தால் எந்தச் சதவீதமும் சரியாக வராது.